தும்பை நின்ற மனை: கடலோரப் பள்ளி ஒன்றில் களையெடுப்புக்கு முன்னும் பின்னும்

பின்னணி

ராமநாதபுரம் மாவட்டத்தில், பாக் நீரிணைப் பக்கம் உள்ள ஒரு சிறு நகரத்தில் நடந்தது இது. பள்ளியையும் ஆட்களையும் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். நான் பக்கத்து ஊர்க் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். பள்ளியின் தலைமையாசிரியை வந்து பார்க்கச் சொன்னதால் இதில் சேர்ந்தேன்.

பள்ளிக்குப் பின்னால் 30 சென்ட் அளவில் ஒரு காலிமனை. முன்பு ஆசிரியர் குடியிருப்பு இருந்த இடம். பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடுகளை இடித்து, இடிபாட்டை ஒரு மூலையில் குவித்ததோடு வேலை நின்றுவிட்டது. கிழக்கு ஓரமாக நகரத்தின் சாக்கடை கடலை நோக்கிப் போகிறது. மேற்கே தெருவும் வாசற்கதவும். கோடை முழுக்க அது வெறும் மணல்தான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அந்தப் பக்கத்து வகுப்பறை ஜன்னலைத் திறக்க முடியாது. எங்கள் பக்கம் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்து தீர்ந்துவிடும். ஐப்பசியில் நல்ல மழை விழுந்தால் அதே மணல் இடுப்பளவு பச்சையாகிவிடும்.

அந்த ஆண்டும் அப்படித்தான் ஆனது. கார்த்திகைத் தொடக்கத்தில் பெற்றோர் சிலர் இரண்டு புகார்களோடு வந்தார்கள். கொசு தாங்கவில்லை என்பது ஒன்று. கழிப்பறைக்குப் போகும் வழியில் பிள்ளைகள் பாம்பைப் பார்த்தார்கள் என்பது இன்னொன்று. வார்டு உறுப்பினர் ஜேசிபி ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னார். மேல்மண்ணோடு வழித்து எடுத்து, அப்புறம் களைக்கொல்லி அடித்துவிட்டால் அடுத்த மழை வரை தொல்லை இருக்காது என்பது அவர் யோசனை. பிள்ளைகளின் பாதுகாப்பை நினைத்துத்தான் அவர் அப்படிச் சொன்னார். காலிமனை என்றால் எல்லா ஊரிலும் முதலில் தோன்றுவதும் அதுதான்.

வேண்டாம் என்று சொன்னவர் கோயில் வாசலில் பூ விற்கும் ஒரு மூதாட்டி. ஊரில் எல்லாருக்கும் அவர் அப்பத்தா. மார்கழி, தை மாதங்களில் சிவன் சன்னதிக்குத் தும்பைப்பூ பறிப்பது இந்த மனையில்தான். “வேற எங்க போயிப் பறிக்கிறது டீச்சர்? இருந்த பொட்டலையெல்லாம் பிளாட் போட்டு வித்துட்டாங்க” என்று தலைமையாசிரியையிடமே வந்து கேட்டார். மழைக்காலத்தில் சளிக்குத் தும்பை இலையும், ஆவி பிடிக்க நொச்சித் தழையும் கட்டுக் கட்டாக விற்பவரும் அவர்தான். எட்டாம் வகுப்புக்கு உள்ளூர்ச் செடிகளைப் பற்றிச் செயல்திட்டம் ஒன்று செய்ய வேண்டியிருந்ததால் அறிவியல் ஆசிரியையும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். என்ன செடி நிற்கிறது என்று பார்த்தபிறகு முடிவெடுக்கலாம் என்று தலைமையாசிரியை வேலையைத் தள்ளிவைத்தார்.

மனையில் கண்டது: செடிகள்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு போனோம். காலில் மூடிய செருப்பு, கையில் குச்சி. இடிபாட்டுப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டுத்தான் இறங்கினோம்.

மனையில் நின்ற செடிகளில் பெரும்பகுதி ஒரே குடும்பம் என்பது சீக்கிரமே தெரிந்தது. புதினாவும் துளசியும் கற்பூரவல்லியும் சேர்ந்த லேமியேசி குடும்பம். உலகில் ஏறத்தாழ 7,000 இனங்கள் உள்ள பெரிய குடும்பம் அது. பிள்ளைகளுக்கு நான்கு அடையாளங்கள் சொன்னேன். இளந்தண்டை விரலுக்கிடையில் உருட்டினால் நான்கு மூலை தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக, ஒரு சோடிக்கு அடுத்த சோடி குறுக்காக வரும். பூவுக்கு மேலுதடு, கீழுதடு உண்டு. பூ உதிர்ந்தபின் அதன் அடியில் பச்சையாக நிற்கும் புல்லிக்குழாயை உரித்துப் பார்த்தால் நான்கு சிறு விதைகள் இருக்கும். முதல் இரண்டை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்தார்கள். உண்ணிச்செடிக்கும் நான்குமூலைத் தண்டு உண்டு, எதிர் இலை உண்டு. ஆனால் அது காய்ப்பது சதையுள்ள கருநிறப் பழம். நாயுருவிக்கும் தண்டில் கோணம் இருக்கிறது, ஆனால் உதடுள்ள பூ இல்லை. இரண்டையும் தனியாக ஒதுக்கிவைத்தார்கள்.

நடுமனை முழுக்கத் தும்பை. கணுவுக்குக் கணு பந்தாகச் சுற்றிய வெள்ளைப் பூ. பிள்ளைகள் பூவைப் பிடுங்கித் தேனை உறிஞ்சப் போனார்கள். சாக்கடை ஓரச் செடி என்பதால் தடுத்தோம். தும்பைக்கு ஊடே நாய்த்துளசி. கசக்கினால் எலுமிச்சையும் கற்பூரமும் கலந்த வாசம். சுவரோரம் பேய்மிரட்டி, வெண்பஞ்சு படர்ந்த தடித்த இலையும் வெளிர் ஊதாப் பூவுமாக ஆளுயரம் நின்றது. அதன் இலையைத் திரியாக முறுக்கி எண்ணெய் விளக்கில் ஏற்றுவார்கள் என்று அப்பத்தா சொன்னார். வடக்கு வேலியில் பழைய நொச்சி ஒன்று. சாக்கடைக் கரையில், உப்பு பூத்த மண்ணில், சங்கங்குப்பி புதராக மண்டியிருந்தது. நீண்ட வெள்ளைக் குழாய்ப்பூ, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் செவ்வூதா மகரந்தத் தாள்கள். நொச்சியும் சங்கங்குப்பியும் பழைய தாவர நூல்களில் வெர்பினேசி குடும்பத்தில் இருக்கும். 1990களுக்குப் பிறகு இரண்டையும் லேமியேசியில் சேர்த்துவிட்டார்கள். பள்ளி நூலகப் புத்தகமும் நான் சொன்னதும் ஒத்துப்போகாமல் ஒரு பிள்ளை குழம்பியதற்கு அதுதான் காரணம்.

தமிழாசிரியை ஒரு விஷயம் சொன்னார். கோட்டையைக் காப்பவன் சூடும் நொச்சியும், களத்தில் நேருக்கு நேர் மோதுகிறவன் சூடும் தும்பையும் ஒரே மனையில் நிற்கின்றனவே என்று. புறத்திணைப் பாடத்தை அவர் அந்த வாரம் மனையில் வைத்தே நடத்தினார். என்னால் மறக்க முடியாத வகுப்பு அது.

வாசற்கதவுக்குப் பக்கத்தில் மட்டும் வேறொரு செடி அடர்த்தியாக நின்றது. பிள்ளைகள் அதைக் காட்டுத்துளசி என்றார்கள். தொட்டாலே கையில் ஒட்டும் காட்டமான வாடை, சிறிய நீலப்பூ, பற்கள் விறைத்த புல்லிக்குழாய். ஹிப்டிஸ் சுவாவியோலென்ஸ், இப்போதைய தாவரப் பெயர் மெசோஸ்பேரம் சுவாவியோலென்ஸ். இதுவும் லேமியேசிதான். ஆனால் பிறப்பிடம் வெப்பமண்டல அமெரிக்கா. இந்தியாவில் பரவலாக ஊடுருவிவிட்ட களை. வாடையால் ஆடு மாடு சீந்துவதில்லை. காய்ந்த புல்லிக்குழாய் பாவாடையிலும் ஆட்டு மயிரிலும் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். முந்திய ஆண்டு கழிப்பறை கட்ட வெளியூர் மணல் கொட்டிய இடம் அதே வாசல்தான் என்று காவலாளி சொன்னார். விதை மணலோடு வந்திருக்கலாம்.

மனையில் கண்டது: பூச்சிகள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பிள்ளைகள் மனம் மாறியது இங்கேதான்.

காலை வெயில் ஏறியதும் தும்பைப் பந்துகளில் கொம்புத்தேனீயும் சிறு வண்ணத்துப்பூச்சிகளும் மொய்த்தன. ஒரு பூவை உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். தும்பையின் கீழுதடு அகலம். அதில் தேனீ வந்து இறங்குகிறது. மேலுதடு மயிர் அடர்ந்த குல்லாய். மகரந்தத் தாள்கள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. தேனீ தலையை உள்ளே நுழைத்ததும் மகரந்தம் தலையிலும் முதுகிலும் படிகிறது. நாய்த்துளசியில் இது தலைகீழ். அங்கே மகரந்தத் தாள்கள் கீழுதட்டின் மேலேயே நீண்டு கிடப்பதால் பூச்சியின் வயிற்றில்தான் ஒட்டும். ஒரே தேனீ இரண்டு செடிக்கும் போனாலும் ஒன்றின் மகரந்தம் முதுகில், மற்றதின் மகரந்தம் வயிற்றில். இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. கைக்கண்ணாடியோடு குனிந்திருந்த ஒரு சிறுமி, “டீச்சர், இங்க மட்டும் தேனீயோட அடிப்பக்கம் மாவா இருக்கு” என்று கூப்பிட்டாள்.

ஹிப்டிஸ் பூ இன்னொரு விதம். அதன் கீழுதட்டின் நடுமடல் மகரந்தத் தாள்களை மடித்து அடக்கி வைத்திருக்கும். பூச்சி தொட்டதும் மடல் சட்டென்று கீழே மடங்க, தாள்கள் துள்ளி மகரந்தத்தைத் தெறிக்கும். ஊசிமுனையால் தொட்டுப் பார்த்தார்கள்; தெறித்தது. வெளியிலிருந்து வந்த களை என்பதற்காக அதன் அழகை மறைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

மனையில் கண்டது: புகார்களின் காரணம்

நகராட்சி சுகாதார ஆய்வாளரையும் வரச் சொல்லியிருந்தோம். கொசுப்புழு எங்கே இருக்கிறது என்று கரண்டியால் மொண்டு மொண்டு தேடினார். மூடி உடைந்த சிமெண்டுத் தொட்டியில் இருந்தது. இடிபாட்டில் மல்லாந்து கிடந்த கழிப்பறைப் பீங்கானில் இருந்தது. பிளாஸ்டிக் பை அடைத்துத் தேங்கிய சாக்கடையில் நிறைய இருந்தது. தும்பைக்கு அடியில் மணல் மழைநீரை உடனே குடித்துவிடுவதால் அங்கே தேங்கல் இல்லை, புழுவும் இல்லை. தெளிந்த நீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் முட்டையிடும். சாக்கடை நீர் கியூலெக்ஸ் கொசுவுக்கு உகந்தது. வளர்ந்த கொசு பகலில் செடி நிழலில் தங்கும் என்பதும் உண்மை. அதனால் வகுப்பறைச் சுவரை ஒட்டி அடர்த்தியாகச் செடி வேண்டாம் என்றார். ஆனால் செடியை வழித்துவிட்டுத் தொட்டியை அப்படியே விட்டால் கொசு குறையாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பாம்பும் அதே மாதிரிதான். இடிபாட்டுக் குவியல் முழுக்க எலி வளை. சத்துணவுக் கூடத்தில் மிஞ்சிய சோறு அதன் பக்கத்தில்தான் கொட்டப்பட்டு வந்தது. எங்கள் வறண்ட மணற்பாங்கில் சுருட்டை விரியன் உண்டு. கல்லிடுக்கு அதற்குப் பிடித்த இடம்.

முடிவுகளும் காரணங்களும்

தலைமையாசிரியை, வார்டு உறுப்பினர், சுகாதார ஆய்வாளர், பெற்றோர் சிலர், நான் என்று உட்கார்ந்து பேசினோம். அப்பத்தாவையும் கூப்பிட்டிருந்தார்கள். முதலில் எடுத்த முடிவு தண்ணீரைப் பற்றியது. தொட்டியை உடைத்து மண் நிரப்புவது, பீங்கானை அகற்றுவது, சாக்கடை அடைப்பை எடுப்பது. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பதால், வெள்ளிக்கிழமைதோறும் தேங்கிய நீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வகுப்புக்குப் பொறுப்பு கொடுக்கப்பட்டது.

இடிபாட்டை அள்ள ஜேசிபி வேண்டும்தான். ஆனால் அது அந்த மூலைக்கு மட்டும், பள்ளி விடுமுறை நாளில், பூட்ஸ் போட்ட பணியாளர்களோடு. சோற்றுக் கழிவுக்கு மூடியுள்ள தொட்டி. கழிப்பறை வழியின் இரு பக்கமும், வகுப்பறைச் சுவரோரமும் செடியைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டி வைப்பது. இந்த அளவுக்கு எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

நடுமனைத் தும்பையில்தான் பேச்சு நீண்டது. வார்டு உறுப்பினர் கேட்டது நியாயமான கேள்வி: “எப்படியும் மாசியில காயப் போற செடி. இப்ப வெட்டினா என்ன, அப்ப வெட்டினா என்னங்க?” தும்பை ஓராண்டுச் செடி. வேரில் உயிர் வைத்துக்கொண்டு மறுமழைக்குத் துளிர்க்காது. விதை உதிர்ந்தால்தான் அடுத்த ஆண்டு உண்டு. கார்த்திகையில் வெட்டினால் விதை முற்றாமலே போய்விடும். மண்ணில் உறங்கும் பழைய விதையும் மேல்மண்ணோடு லாரியில் ஏறிவிடும். அப்படி வெறுமையான இடத்தில் முதலில் குடியேறுவது பக்கத்தில் நிற்கும் ஹிப்டிஸ்தான். ஆக, ஒரே குடும்பத்துச் செடிகளுக்கு இரண்டு விதமான காலக்கெடு வைத்தோம். தும்பை, நாய்த்துளசி, பேய்மிரட்டி மூன்றும் மாசியில் காய்ந்து விதை கொட்டும் வரை நிற்கட்டும். ஹிப்டிஸை விதை முற்றுமுன், அந்த வாரமே, வேரோடு பிடுங்குவது. நொச்சியும் சங்கங்குப்பியும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். சங்கங்குப்பி வேர்கள் சாக்கடைக் கரை மண்ணைப் பிடித்து நிறுத்தியிருந்தன.

களைக்கொல்லி வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பெரியவர் ஒருவர் பறித்து விற்று, வீடுகளில் கஷாயத்துக்குப் போகும் இலை அது. அடித்தவருக்கும் பறிப்பவருக்கும் இடையே தகவல் போய்ச்சேரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இதோடு சேர்த்து அப்பத்தாவிடமும் ஒன்று கேட்டுக்கொண்டோம். சாக்கடையை ஒட்டிய பட்டையில் பூவுக்குக்கூடக் கை வைக்க வேண்டாம், உள்மனையில் மட்டும் பறியுங்கள், இலையை நன்றாக அலசி விற்றுக்கொள்ளுங்கள் என்று. கழிவுநீர் ஊறும் மண்ணில் நிற்கும் மூலிகை மருந்தாகாது.

பாம்புக்கடிக்குத் தும்பைச் சாறு கொடுத்தால் போதும் என்ற பேச்சும் வந்தது. காவலாளி அதை உறுதியாக நம்பினார். அதை அங்கேயே மறுத்துச் சொன்னோம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்கின் கடிக்கும் உயிர் காப்பது அரசு மருத்துவமனையில் கொடுக்கும் நச்சுமுறிவு ஊசிதான். சாறு பிழிகிற நேரத்தில் 108க்குப் போன் செய்ய வேண்டும். அந்த எண்ணைக் காவலாளி அறைச் சுவரில் பெரிதாக எழுதிவைத்தார்கள்.

நடந்தது

தண்ணீர் வேலை அந்த வாரமே முடிந்தது. அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் புழுவைத் தேடிப் பார்த்து இல்லை என்று எழுதினார்கள். சாக்கடையில் மட்டும் அடைப்பு திரும்பத் திரும்ப வந்தது. மாலை வகுப்பில் கொசுக்கடி குறைந்துவிட்டது என்று ஆசிரியைகள் சொன்னார்கள். இடிபாடு அள்ளியபோது ஒரு சுருட்டை விரியன் வெளியே வந்தது. வனத்துறைக்குச் சொல்லிப் பிடித்துக் கொண்டுபோனார்கள், யாருக்கும் காயமில்லை.

ஹிப்டிஸ் பிடுங்கும் வேலையைப் பெற்றோர் கழகத்தினர் செய்தார்கள். மழை ஈரத்தில் மணலிலிருந்து வேர் சுலபமாக வந்தது. ஆனால் பிடுங்கியதை வாசலருகே குவித்து, காயட்டும் என்று விட்டுவிட்டுப் போனார்கள். குவியலிலேயே பூக்கள் காயாகி முற்றின.

மார்கழியில் நினைக்காத ஒன்று நடந்தது. தெரு விளக்குக் கம்பம் நட வந்த ஒப்பந்ததாரரின் ஆட்கள், தென்மேற்கு மூலையில் வண்டி திருப்ப வசதியாக இருக்கும் என்று ஒரு பட்டைத் தும்பையை மண்வெட்டியால் வழித்துவிட்டார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மற்ற இடத்தில் தும்பை தை முழுக்கப் பூத்தது. அப்பத்தா அதிகாலையில் வந்து கூடை நிறையப் பறித்துப் போனார். மாசிக் கடைசியில் காய்ந்த செடிகளைப் பிள்ளைகள் தட்டி விதையை உதிர்த்துவிட்டு வெட்டினார்கள். கோடையில் மிஞ்சி நின்ற அடித்தண்டு மணல் பறக்காமல் ஓரளவு பிடித்துவைத்தது. ஜன்னல் சில நாள் திறந்தே இருந்தது.

அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு மனை இரண்டு விதமாக முளைத்தது. நின்று விதைத்த இடத்தில் தும்பை நாற்று பாய் விரித்தது போல. வழிக்கப்பட்ட தென்மேற்கு மூலையில் தும்பை அங்கொன்று இங்கொன்று. அடர்ந்து முளைத்திருந்தது ஹிப்டிஸ். அந்த மூலை வாசலுக்குப் பக்கம், அதாவது குவியல் கிடந்த இடத்துக்கும் பக்கம். ஆகவே மண்ணை வழித்தது பாதி, பக்கத்தில் விதை காய்ந்து உதிர்ந்தது பாதி என்றுதான் இதைப் பார்க்க வேண்டும். ஒரு மனையில் ஒரு ஆண்டு கண்டதை விதியாக்கிவிட முடியாது. ஆனால் அந்தப் பட்டையைப் பார்த்தபிறகு வார்டு உறுப்பினர் ஜேசிபி பேச்சை எடுக்கவில்லை. “இத முதல்ல புடுங்குங்க டீச்சர், நான் ரெண்டு ஆள் அனுப்புறேன்” என்றார். நான்கு இலைப் பருவத்திலேயே பிடுங்கியாயிற்று.

எதை மாற்ற வேண்டும்

இன்னொரு பள்ளியோ வார்டோ இதைச் செய்யப் போனால், வேலைக்குத் தொகை ஒதுக்குமுன் மழைக்குப்பின் ஒரு தடவை மனைக்குள் நடந்து செடிகளை அடையாளம் காண வேண்டும். ‘களை அகற்றுதல்’ என்று மொத்தமாக எழுதிய வேலை ஆணையில் தும்பையும் ஹிப்டிஸும் ஒன்றுதான். எந்தச் செடி, எந்த மாதம், வெட்டுவதா பிடுங்குவதா என்று எழுதினால்தான் வேலைக்கு வருபவர் அப்படிச் செய்ய முடியும்.

ஹிப்டிஸைப் பூக்குமுன் எடுக்க வேண்டும். பூத்தபின் என்றால் சாக்கில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். இடுப்புயரம் நின்றதைப் பிடுங்கிக் குவித்ததால் வந்ததைத்தான் மறு ஆண்டு பார்த்தோம். வெளியூர் மணல் கொட்டும் இடத்தை அடுத்த மழையில் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மனைக்குள் வேலை செய்ய வரும் எந்தத் துறை ஆளுக்கும் தெரியும்படி வாசலில் ஒரு பலகை வேண்டும். இப்போது வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் எழுதிய பலகை. தும்பைப் படமும், மாசி வரை வெட்ட வேண்டாம் என்ற வரியும் இருக்கிறது. தலைமையாசிரியைக்கு அந்த ஆண்டே மாறுதல் வந்துவிட்டது. புதிதாக வந்தவரிடம் ஒப்படைக்க எழுத்தில் ஒன்றும் இல்லாததால் நானும் அறிவியல் ஆசிரியையும் நேரில் போய் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. செடிப் பட்டியல், மாத வாரியான வேலை, வெள்ளிக்கிழமைப் பதிவேடு மூன்றும் இப்போது அலுவலகக் கோப்பில் இருக்கின்றன.

அப்பத்தாவை முதல் நாளே கூப்பிட்டுப் பேசியிருந்தால் பல நாள் மிச்சமாகியிருக்கும். எந்த மூலையில் எது எப்போது பூக்கும், எப்போது விதை கொட்டும் என்று அவருக்கு விரல்நுனியில் தெரியும். எங்கள் பட்டியலில் விட்டுப்போன தழுதாழை ஒன்றை வேலிக்கு வெளியே காட்டியவரும் அவரே.

மன்னார் வளைகுடாத் தீவுகள் 21க்கும் 1986 முதல் தேசியப் பூங்காப் பாதுகாப்பு இருக்கிறது. கரையில் நகரத்துக்குள் நிற்கும் இந்தச் செடிகளுக்கு யாரும் பொறுப்பில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னாலும் தொடர்வண்டிப் பாதையோரமும் இதே தும்பையும் இதே ஹிப்டிஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பிள்ளைகள் இப்போது அடையாளம் கண்டு வந்து சொல்கிறார்கள். அந்த இடங்களைப் பற்றி நகராட்சியோடு இனிமேல்தான் பேச வேண்டும்.

நொச்சியிலிருந்து போத்து வெட்டித் தெருப்பக்க வேலி நெடுக நட்டோம், பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. சாக்கடைக்கு மூடி போடக் கேட்டுக் கொடுத்த மனு நிலுவையில் இருக்கிறது. அது வரும்வரை அடைப்பை எடுப்பது பணியாளர்கள் வருவதைப் பொறுத்தது. வெள்ளிக்கிழமைப் பதிவேட்டில் புழு இருப்பதாக இன்னும் எழுதப்படும் ஒரே இடம் அந்தச் சாக்கடைதான்.